பாளையங்கோட்டையில் ஒரு தனிநபர் வருமான வரிக் கணக்கு வகுப்பு: பி.காம். மாணவர்களுக்காக ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடியில், சனி, ஞாயிறு மாலைகளில், தனிநபர் வருமான வரிக் கணக்குக்கென்றே ஒரு வகுப்பு நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் பி.காம். படிப்பவர்களும், சி.ஏ. இன்டர், சி.எம்.ஏ. இன்டர் எழுதப் போகிறவர்களும் அங்கே சேர்கிறார்கள். நான் ஜங்ஷனில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் ரிட்டர்ன் வேலைக்கு எங்களிடம் வந்து சேரும் பிள்ளைகளில் சிலர் இந்த வகுப்பில் படித்தவர்கள். அவர்களுடைய வேலைத்தாளில் இருந்த தெளிவைக் கண்ட பிறகு, ஆசிரியரிடம் அனுமதி பெற்று, ஒரு தொகுதி முழுவதும் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தேன். சம்பள வருமானக் கணக்கை அடியிலிருந்து கற்றுக்கொள்ள இந்த வட்டாரத்தில் நான் அறிந்த வகுப்புகளுள் இதுவே சிறந்தது என்பது என் முடிவு. ஆனால் பாடங்களை அடுக்கியிருக்கும் வரிசையில் ஒரு பெரிய குறை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

கட்டணம் ₹3,500. அச்சிட்ட குறிப்புகளும் அதற்குள் அடங்கும். வெள்ளைப் பலகை, மர பெஞ்சுகள், இரண்டு மின்விசிறிகள் ஆகியவைதாம் அறையில் இருக்கின்றன, கணினி கிடையாது. கணக்கு முழுவதையும் கையால் எழுதித்தான் போட வேண்டும், கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். இதைக் குறை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. மென்பொருளில் எண்களை நிரப்பினால் விடை வந்துவிடும். அந்த விடை எந்தப் படியில் எப்படி மாறியது என்பது கையால் எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த வகுப்பின் உண்மையான பலம் முதல் இரண்டு வாரங்களில் இருக்கிறது. ‘வரி கிடையாது’ என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஐந்து வெவ்வேறு இடங்களில் கணக்குக்குள் வருகின்றன என்பதை ஆசிரியர் பலகையில் ஒரே தாளாக வரைந்து காட்டி, தொகுதி முடியும்வரை அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறார். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் வருபவை வருமானத்துக்குள் நுழைவதே இல்லை. வீட்டு வாடகைப் படியில் விலக்குப் பெறும் பகுதி, பணிக்கொடை போன்றவை அந்த வகை. அடுத்து, 16-ஆம் பிரிவின்படி சம்பளம் என்ற தலைப்புக்குள்ளேயே கழிக்கப்படும் நிலையான கழிவும் தொழில் வரியும் வருகின்றன. சம்பளம், வீட்டுச் சொத்து, வியாபாரம், மூலதன ஆதாயம், பிற வருமானங்கள் என்ற ஐந்து தலைப்புகளையும் கூட்டிய பிறகு, மொத்த வருமானத்திலிருந்து 80சி (ஆயுள் காப்பீடு, பள்ளிக் கட்டணம் போன்றவை), 80டி (மருத்துவக் காப்பீடு) முதலிய கழிவுகள் போகின்றன. அதன் பிறகு வரி விகிதப் பட்டியலில் முதல் அடுக்குக்கு வரி இல்லை. கடைசியாக, கணக்கிட்ட வரியிலிருந்தே 87ஏ பிரிவின்படி தள்ளுபடி கிடைக்கிறது. ஐந்தும் சட்டத்தில் வெவ்வேறு வேலை செய்பவை. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் விடை முழுவதும் தவறிவிடும்.

இதற்கு அவர் வகுப்பில் வைக்கும் சோதனை மிக எளிமையானது. கழிவுகளெல்லாம் போக ஒருவருடைய வருமானம் ₹13 லட்சம் என்று வைத்துக்கொண்டு, 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில், அதாவது பெரும்பாலான விலக்குகளும் கழிவுகளும் இல்லாத, விகிதம் குறைந்த முறையில், வரியைக் கேட்கிறார். ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்று செய்தியில் கேட்டிருக்கும் மாணவர்கள், மிச்சமுள்ள ஒரு லட்சத்துக்கு 15 சதவீதம் போட்டு ₹15,000 என்று எழுதுகிறார்கள். சரியான விடை, வரியின் மேல் போடும் செஸ் நீங்கலாக, ₹75,000. புதிய முறையில் வரியில்லா அடுக்கு ₹4 லட்சம் வரைதான். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதமும், 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதமும் உண்டு. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த ₹60,000 வரி தள்ளுபடியாகப் போய்விடுகிறதே தவிர, அந்த 12 லட்சம் வரியற்ற அடுக்காக ஆகிவிடுவதில்லை. இந்த ஒரு கணக்குக்குப் பின், அடுக்கையும் தள்ளுபடியையும் குழப்பிக்கொண்ட பிள்ளையை அந்த அறையில் நான் காணவில்லை.

வீட்டு வாடகைப் படியை நடத்தும் விதத்தையும் தனியாகப் பாராட்ட வேண்டும். பெருமாள்புரத்தில் மாதம் ₹18,000 வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர். அடிப்படைச் சம்பளம் ₹70,000, ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் வரும் அகவிலைப்படி ₹20,000, வீட்டு வாடகைப் படி ₹15,000. விலக்கு என்பது மூன்று தொகைகளில் எது குறைவோ அது. பெற்ற படி ஆண்டுக்கு ₹1,80,000. கொடுத்த வாடகை ₹2,16,000-லிருந்து சம்பளத்தில் பத்து சதவீதமான ₹1,08,000-ஐக் கழித்தால் மிச்சம் ₹1,08,000. மூன்றாவது, 2025-26 வரையிலான கணக்குக்கு, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற ஊர்களில் 40 சதவீதம். திருநெல்வேலிக்கு 40 என்பதால் ₹4,32,000. ஆகவே விலக்கு ₹1,08,000, வரிக்கு உட்படும் படி ₹72,000. புத்தகத்தில் படித்து வருபவர்கள் 40-ஆ 50-ஆ என்பதையே பெரிதாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் அது எதுவாக இருந்தாலும் விடை மாறாது, வாடகைதான் தீர்மானிக்கிறது என்பதை ஆசிரியர் சொல்லாமல், ஒவ்வொருவரையும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். பிறகு வாடகையை மட்டும் ₹9,000 ஆக்கச் சொல்கிறார், விலக்கு பூஜ்யமாகிவிடுகிறது. விதி மனத்தில் நிற்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு காகிதக் கட்டு கையில் தரப்படுகிறது. பெயர்கள் நீக்கப்பட்ட ஃபார்ம் 16 (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் முதலாளி தரும் சான்று), வாடகை ரசீதுகள், எல்.ஐ.சி. பிரீமிய ரசீது, மருத்துவக் காப்பீட்டு ரசீது, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, வங்கி வட்டிச் சான்று எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பாடப்புத்தகக் கணக்கில் தேவையான தகவல் வரிசையாக இருக்கும். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அப்படிக் கொண்டுவருவதில்லை. பள்ளி ரசீதில் கல்விக் கட்டணம் மட்டுமே 80சி-க்குள் வரும், வேன் கட்டணமும் நன்கொடையும் வராது என்பதை மாணவர்கள் தாங்களே ரசீதைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். 2012 ஏப்ரலுக்குப் பின் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியானால், காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட பிரீமியத்துக்குக் கழிவு இல்லை என்பதையும் ரசீதோடு பாலிசிப் பத்திரத்தின் நகலைச் சேர்த்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும் என்று சொல்லி, அது இல்லாத ரசீதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். எங்கள் அலுவலகத்துக்கு வந்த பிள்ளைகளிடம் நான் கண்ட வித்தியாசம் இந்த வாரத்தில் உண்டானதுதான் என்று இப்போது தெரிகிறது. கட்டணம் முழுவதும் இந்த ஒரு பயிற்சிக்கே தகும்.

இனி குறைக்கு வருகிறேன். 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் இயல்பான முறை. பழைய முறை வேண்டுமென்றால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அப்படியிருக்க, இந்த வகுப்பில் தொகுதியின் பெரும்பகுதி பழைய முறையில் நடந்து, கடைசி இரண்டு மாலைகளில்தான் புதிய முறை வருகிறது. தேர்வுத் தாள்களில் விலக்குகளையும் கழிவுகளையும் சோதிக்கும் கேள்விகள் அதிகம் என்பதால் அந்த வரிசை வைத்ததாக ஆசிரியர் என்னிடம் சொன்னார். காரணம் புரிகிறது, ஆனாலும் அது போதாது. மேலே சொன்ன பெருமாள்புரத்துக்காரரின் கணக்கையே 2025-26 நிதியாண்டுக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் ₹1,000 கல்விப் படியும் சேர்த்தால் அவருடைய ஆண்டுச் சம்பளம் ₹12,72,000. பழைய முறையில் வாடகைப் படி விலக்கு ₹1,08,000, பிள்ளை ஒன்றுக்கு மாதம் ₹100 வீதம் கல்விப் படி விலக்கு ₹2,400, நிலையான கழிவு ₹50,000, தொழில் வரி ₹2,500, 80சி-யில் முழு ₹1,50,000, 80டி-யில் ₹25,000 என்று அத்தனையும் போக ₹9,34,100 மிஞ்சுகிறது. அதற்கு வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து ₹1,03,290. புதிய முறையில் இந்த விலக்குகளும் கழிவுகளும் எதுவும் இல்லை. நிலையான கழிவு ₹75,000 மட்டும் போக ₹11,97,000. வரி ₹59,700, தள்ளுபடியும் அதே ₹59,700. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

பல வாரங்களாக ரசீது பிரித்து, மூன்று தொகைகளில் குறைந்ததைக் கண்டுபிடித்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி மாணவர் கொண்டுவந்த விடையைவிட, இரண்டே வரியில் வரும் விடை அந்த மனிதருக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்துகிறது. இதை மாணவர் கடைசி வாரத்தில் தெரிந்துகொள்வது சரியல்ல. முதல் நாளிலிருந்தே தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு விலக்கையும் எழுதும்போதே அது இரண்டாவது பத்தியில் இருக்கிறதா, இல்லையா என்று எழுதப் பழக்க வேண்டும். அப்போதுதான், வாடகைப் படியும் கல்விப் படியும் பயணச் சலுகையும் புதிய முறையில் போய்விட்டன, ஆனால் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், மாற்றுத்திறனாளிகளுக்கான போக்குவரத்துப் படி, முதலாளி தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்தும் பங்கு ஆகியவை தங்கியிருக்கின்றன என்பது பாடத்தோடு பாடமாக மனத்தில் பதியும். எந்த முறை என்ற கேள்வியும் ஆளுக்கு ஆள் மாறுவது. சம்பளக்காரர் ஆண்டுதோறும் ரிட்டர்னிலேயே தேர்ந்துகொள்ளலாம், ஆனால் குறித்த கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக ஃபார்ம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும், ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால் வியாபாரம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. டவுனில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு ரிட்டர்ன் போடும் மாணவர் இதை அறியாமல் ஒரு கட்டத்தில் டிக் செய்துவிட்டால், அதன் பலனை அந்த அண்ணாச்சி பல ஆண்டுகள் சுமக்க வேண்டியிருக்கும். இந்தச் செய்தி வகுப்பில் ஐந்து நிமிடத்தில் கடந்து போனது எனக்கு வருத்தமாக இருந்தது.

விளிம்பு நிவாரணமும் அதே கடைசி மாலையின் அவசரத்தில் சிக்கிக்கொள்கிறது. பெருமாள்புரத்துக்காரருக்கு வங்கி வைப்பு வட்டியாக ₹20,000 வந்திருந்தால் வருமானம் ₹12,17,000 ஆகும், தள்ளுபடி போய்விடும், வரி ₹62,550 என்று வரும். பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் அவருக்குக் கிடைத்ததோ ₹17,000 மட்டுமே. ஆகையால் வரி அந்த ₹17,000-ஐத் தாண்டக் கூடாது என்று சட்டம் நிவாரணம் தருகிறது. செஸ்ஸோடு ₹17,680 கட்டினால் போதும். வருமானம் சுமார் ₹12,70,588 ஆகும்வரை இந்த நிவாரணம் வேலை செய்யும், அதற்கு மேல் வழக்கமான வரிதான். பள்ளி, கல்லூரி, வங்கி ஊழியர்கள் நிறைந்த பாளையங்கோட்டையில் இந்த எல்லையில் நிற்பவர்கள் பலர் இருப்பார்கள். இதற்கு அரை மாலையாவது ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் எதிர்பாராமல் மிக நன்றாக அமைந்திருந்தது விவசாய வருமானப் பகுதி. நம் பக்கத்துக்கு இது எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் கார், பிசானம் என்று இரண்டு பூவும் நெல் விளையும் வயல்களையும், களக்காட்டுப் பக்கத்து வாழைத் தோட்டங்களையும் வைத்துக்கொண்டு மாதச் சம்பளமும் வாங்குகிற குடும்பங்கள் இங்கே நிறைய. விவசாய வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது, அதனால் மத்திய வரியில் அதற்கு விலக்கு உண்டு என்று ஆசிரியர் தொடங்குகிறார். பிறகு, விலக்கு உண்டு என்பதால் கணக்கில் காட்டவே வேண்டாம் என்ற நினைப்பு எங்கே தவறுகிறது என்று காட்டுகிறார். நிகர விவசாய வருமானம் ₹5,000-க்கு மேலும், மற்ற வருமானம் வரியில்லா அடுக்குக்கு மேலும் இருந்தால் விகிதத்துக்காக மட்டும் இரண்டையும் சேர்க்க வேண்டும். புதிய முறையில் மற்ற வருமானம் ₹14 லட்சம், நெல்லில் நிகரமாக ₹2 லட்சம் என்றால், முதலில் ₹16 லட்சத்துக்கு வரி ₹1,20,000 என்று காண வேண்டும். பிறகு விவசாய வருமானத்தோடு ₹4 லட்சம் அடுக்கைச் சேர்த்து ₹6 லட்சத்துக்கு வரி ₹10,000 என்று கண்டு கழிக்க வேண்டும். கட்ட வேண்டியது செஸ் நீங்கலாக ₹1,10,000. வயலே இல்லாதவருக்கு அதே ₹14 லட்சத்துக்கு ₹90,000-தான். நெல்லுக்கு வரி போடாமலேயே நெல் இவ்வாறு ₹20,000 கூட்டிவிடுகிறது. ஒரு மாணவி எழுந்து, “சார், வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தா அந்தப் பணமும் விவசாய வருமானமா?” என்று கேட்டார். பயிர்த்தொழிலுக்கு விட்ட நிலத்தின் குத்தகையும் விவசாய வருமானமே, ஆனால் வீட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றுவதில் வரும் வருமானம் அப்படி அல்ல என்று ஆசிரியர் பிரித்துச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் அதை உடனே எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக் கணக்கு அது.

ஓய்வூதியம் பற்றிய பகுதி சுருக்கமானது, சரியானது. ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வருவதால் நிலையான கழிவு உண்டு. கணவர் இறந்த பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் பிற வருமானங்கள் என்ற தலைப்பில் வருவதால் அந்தக் கழிவு இல்லை, மூன்றில் ஒரு பங்கு அல்லது ₹15,000, இவற்றில் குறைந்ததுதான் கழிவு. புதிய முறையில் அந்த உச்சவரம்பு ₹25,000. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ₹3 லட்சம் அடுக்கு என்பது பழைய முறையில் மட்டுமே என்பதையும் மறக்காமல் சொல்கிறார்.

அச்சிட்ட குறிப்புகளைத் திருத்தியே ஆக வேண்டும். மூன்று ஆண்டுகளின் கணக்குகள் ஆண்டு குறிப்பிடப்படாமல் கலந்திருக்கின்றன. ஒரு பக்கத்தில் புதிய முறைக்கு நிலையான கழிவு ₹50,000, தள்ளுபடி எல்லை ₹7 லட்சம் என்று இருக்கிறது. அது 2023-24-க்கு உரியது. இன்னொரு பக்கத்தில் கழிவு ₹75,000, ஆனால் எல்லை அதே ₹7 லட்சம், அது 2024-25. மற்றொன்றில் ₹12 லட்சம். வகுப்பில் ஆசிரியர் வாய்மொழியாகத் திருத்திவிடுகிறார் என்றாலும், வராத நாளில் குறிப்பை நம்பிப் படித்த பிள்ளை தேர்வில் தவறான ஆண்டின் விகிதத்தை எழுதிவிடும். ஒவ்வொரு கணக்கின் தலைப்பிலும் நிதியாண்டை அச்சிட்டால் இது தீர்ந்துவிடும்.

இந்த ஆண்டு அதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வருமானம் வந்த முந்தைய ஆண்டு, அதற்கு வரி மதிப்பிடும் மதிப்பீட்டு ஆண்டு என்ற இரண்டும் போய் வரி ஆண்டு என்ற ஒன்று வந்திருக்கிறது. 80சி இருந்த இடத்தில் 123-ஆம் பிரிவு, புதிய முறைக்குரிய 115பிஏசி இருந்த இடத்தில் 202, 87ஏ இருந்த இடத்தில் 156. ஆனால் 2025-26 வருமானத்துக்கு இப்போது போடும் ரிட்டர்ன் பழைய சட்டத்தின்படிதான். இரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில் மேசையில் கிடக்கும் இந்த இடைக்காலத்தில், எந்த வருமானத்துக்கு எந்தச் சட்டம் என்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் புதிய பிரிவு எண்களைக் கையெழுத்தில் ஒரு தாளாக எழுதி நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார். அது நல்ல தாள், அதையே குறிப்புகளின் முதல் பக்கமாக்கலாம்.

ஆசிரியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தவறான விடையோடு வருகிற பிள்ளையிடம் அவர் சரியான விடையைச் சொல்வதில்லை, பலகையில் உள்ள ஐந்து இடங்களைக் காட்டி, “எந்தப் படியில வெச்சே?” என்று மட்டும் கேட்கிறார். பெரும்பாலும் அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிடுகிறது. இந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

வகுப்பு முடிய இரவு எட்டரை ஆகிறது. அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வரும் மாணவிகள் பேருந்துக்காக எட்டு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். கடினமான பகுதிகள் அந்தக் கடைசி அரைமணியில்தான் நடக்கின்றன. நேரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தும்படி கேட்டதற்கு, அடுத்த தொகுதியில் ஞாயிற்றுக்கிழமையை மட்டுமாவது காலைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து சேருபவர்கள் அது மாறியதா என்பதையும், குறிப்புகளில் நிதியாண்டு அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் விசாரித்துவிட்டுப் பணம் கட்டலாம். பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்தவர்களுக்கு இது சரியான பருவம். முதலாம் ஆண்டில் இருப்பவர்கள் ஓர் ஆண்டு பொறுத்துச் சேரலாம். மூலதன ஆதாயம், வியாபார வருமானம் ஆகியவற்றை ஆழமாகப் படிக்க விரும்புகிற சி.ஏ. மாணவர்களுக்கு அவற்றுக்கு வேறு வகுப்பு தேவைப்படும்.